டொல்பின் வானின் மீற்றருக்கு எல்ஈடி: கரடிப்போக்கு ஐயாவின் கடை எப்படி?

வாகனத்தின் முன்பலகையிலுள்ள மீற்றர் நீலமாக மினுங்க வேண்டும், இரவில் ஏறுகிறவர்கள் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடைக்குப் போக வேண்டாம். ஐயா நீலம் போடமாட்டார். கேட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்ப்பார், பிறகு கையிலிருந்த வேலையைத் தொடருவார். ஆனால் ஒயில் லைற் எரிகிறதா, சார்ஜ் லைற் எரிகிறதா என்றே தெரியாமல் பழைய வாகனம் ஓட்டுகிறவர்கள் ஒருதடவை போய்வருவது நல்லது. என் வானை அங்கே கொடுத்து, மீற்றரிலுள்ள பல்ப்புகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்ஈடிக்கு மாற்றி எடுத்திருக்கிறேன். அந்த ஒன்றை ஏன் மாற்றவில்லை என்பதுதான் இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வந்ததில் பாதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடையது டொயோட்டா ஹையேஸ், எங்கள் பக்கம் எல்லோரும் டொல்பின் என்று சொல்கிற அந்த வான். 3எல் எஞ்சின், 2.8 லீற்றர் டீசல். ஒட்டுசுட்டானிலிருந்து ஹயர் ஓடுகிறேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல், வெளிநாட்டுக்காரர் வந்தால் கட்டுநாயக்கா. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றத்தில் யாரும் வாகனம் மாற்றுகிற கதையே கதைக்கவில்லை. இருக்கிறதைத் திருத்தித் திருத்தி ஓடினோம். இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறோம்.

மீற்றர் பல்ப் என்பது மிகச் சின்னச் சாமான். அடையாள லைற்றுகளுக்கு ரி5 என்கிற சின்ன அளவு, 1.2 வாட். மீற்றரின் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கிறது ரி10, அது கொஞ்சம் பெரிது. இரண்டுக்குள்ளும் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பிச் சுருள். தார் வீதியில் ஓடுகிற வாகனத்தில் அது வருடக்கணக்கில் கிடக்கும். எங்கள் உள்வீதிகள் கிரவல். மழை முடிந்த கையோடு அந்த வீதி முழுக்க அலை அலையாக எழும்பி நிற்கும், அதில் ஓடினால் ஸ்ரியரிங்கில் பிடித்த கை முழங்கை வரைக்கும் நடுங்கும். அந்த நடுக்கத்துக்குச் சுருள் அறாமல் என்ன செய்யும்? முதலில் ஸ்பீடோ மீற்றரின் இடது பக்கம் இருண்டது, பிறகு டீசல் மீற்றர், பிறகு வலது சிக்னல் அம்புக்குறி. புதுப் பல்ப் வாங்கிப் போட்டால் அடுத்த மாரிக்குள் அதுவும் போய்விடும்.

எல்ஈடிக்குள் சுருள் இல்லை. அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. அதனால் இதற்கு முன்னாலேயே வேறு ஒரு ஊரில், வாகன அலங்காரச் சாமான் விற்கிற ஒரு கடையில் எல்ஈடி போட்டேன். பல்ப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் தள்ளிச் செருகுகிற வகை. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, கடைக்காரப் பொடியன் படமும் எடுத்தான். கடையில் நிற்கும்போது எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கிரவலில் இறங்கியதும் ஒவ்வொன்றாக மினுக்கத் தொடங்கின. காரணம் எல்ஈடி இல்லை, அது செருகியிருக்கிற பிடி. இருபது முப்பது வருடம் பல்ப் சூட்டில் கிடந்து அந்தப் பிடியின் செப்புத் தகடுகள் இறுக்கம் விட்டுவிட்டன. பழைய பல்ப்பின் கண்ணாடி அடி தடிப்பானது, அதனால் ஒருமாதிரி இறுகி நின்றது. புதிதாகச் செருகியதன் அடி மெல்லியது, குலுங்கக் குலுங்கத் தொடுவதும் விடுவதுமாக இருந்தது. ஒருநாள் இரவு புளியங்குளம் தாண்டி வரும்போது ஒயில் லைற் பளிச்சென்று எரிந்து அணைந்தது. வானில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளையும் தாயும். வீதியோரம் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒயில் நிறைய இருக்கிறது. அடுத்த லைற் மினுக்கியபோது அதன் வெளிச்சம் இந்தப் பக்கம் கசிந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. இருட்டுக்குள் அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் யாரிடம் போய்ப் பில் கேட்பது?

இன்னொரு கூத்து நிறம். அந்தக் கடையில் போட்டது எல்லாம் நீலம் கலந்த வெள்ளை. மீற்றரின் முகத்துக்குப் பின்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத் தாள் ஒட்டியிருக்கும். பழைய பல்ப்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாக இருக்கிறது, ஆகவே சிவப்புத் தாளினூடாக வந்தால் நல்ல சிவப்பு. குளிர்ந்த வெள்ளை எல்ஈடியின் வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு. அதே தாளினூடாக அது வெளிறிய ரோஸ் நிறமாகத்தான் வரும். ஹாண்ட் பிரேக் லைற் ரோஸ் நிறத்தில் எரிந்தால் யார் பயப்படுவார்கள்? சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சை என்றால் ஏதோ ஒன்று வேலை செய்கிறது, நீலம் என்றால் ஹை பீம் என்கிற பெரிய லைற். உலகம் முழுக்க வாகனக்காரர்கள் ஒத்துக்கொண்ட நிற முறை இது. இதைக் குழப்பிவிட்டு மீற்றர் வடிவாக இருக்கிறது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, ஐயாவின் கடைக்கு வருவோம். கிளிநொச்சியில் ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்தி தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும். பெயர்ப்பலகை இல்லை, அதனால்தான் நானும் பெயர் எழுதவில்லை. வீட்டு முன்விறாந்தைதான் கடை. ஒரு பக்கம் அம்பிளிபயர், மின்விசிறி, இன்வேட்டர் என்று குவிந்து கிடக்கும். வாகனம் நிற்பது முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே. ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பற்றரி வர விடாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் ஈயம் உருக்கிப் பழகிய கை அவருடையது. கையில் சாமான் இல்லாமல் வேலை செய்து பழகியவர்களுக்கு ஒரு குணம் இருக்கிறது: எதையும் இலேசில் எறியமாட்டார்கள், எதையும் இலேசில் மாற்றவும் மாட்டார்கள். அவருடைய மகள் போனுக்குள் இருக்கிற சர்க்கிற் போட் திருத்துகிறவர். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் திருத்துகிற நுணுக்க வேலையெல்லாம் அவர்தான். மீற்றர் வேலை இருவரும் பங்குபோட்டுச் செய்கிறார்கள்.

வான் போய் நின்றதும் ஐயா எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை, மீற்றரைக் கழற்றவும் இல்லை. "தம்பி, சாவியைப் போடுங்கோ. ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்றார். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினால் ஒயில் லைற், சார்ஜ் லைற் எல்லாம் எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போடும்போது எரியாத லைற், ஆபத்து வரும்போதும் எரியாது. இதை ஓட்டுநர் எல்லோரும் அறிவோம், ஒருவரும் பார்ப்பதில்லை. ஐயா ஒரு பழைய கொப்பித் தாளில் எது எரிகிறது, எது எரியவில்லை என்று எழுதினார். பிறகு ஹாண்ட் பிரேக், சிக்னல் இரண்டு பக்கம், பெரிய லைற், எஞ்சின் சூடாக்கும் ஹீற்றர் லைற், டீசல் பில்ற்றரில் தண்ணீர் சேர்ந்தால் எரிகிற லைற். அந்தக் கடைசி லைற்றுக்கு பில்ற்றரின் அடியிலிருந்து வருகிற வயரைக் கழற்றி வானின் இரும்பு உடம்பில் தொடவைத்துப் பார்த்தார். எரிந்தது. இவ்வளவையும் வேலைக்கு முன் ஒருதடவை, வேலை முடிந்த பின் ஒருதடவை, அதே தாளை வைத்துச் செய்தார். நான் போன வேறு எந்தக் கராச்சிலும் இப்படி ஒரு தாள் கண்டதில்லை.

பற்றரியின் நெகடிவைக் கழற்றிவிட்டுத்தான் மீற்றருக்குப் போனார்கள். ஸ்பீடோ மீற்றர் கேபிளை விடுவிப்பதுதான் இந்த வானில் கை எரிச்சலான வேலை. கை போகாத இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் நாக்கு. வயது போன பிளாஸ்ரிக், வெயிலில் காய்ந்தது, கொஞ்சம் பலமாக அழுத்தினால் முறிந்துவிடும். ஐயா முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி அதை இளக்கினார். கழற்றிக் கவிழ்த்ததும் பின்னால் தெரிவது பச்சை நிறத் தகடு இல்லை. மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் செப்புக் கோடுகள் ஓடுகின்றன, அந்தத் தாளின் துளைகளில் பல்ப் பிடிகளைச் செருகித் திருகியிருக்கும். இங்கேதான் ஈயம் உருக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். அந்தத் தாளில் ஈயம் உருக்குகிற சூடான அயனை வைத்தால் தாள் சுருங்கி, செப்புக் கோடு கிளம்பி, மீற்றர் முழுவதும் போய்விடும். இந்த வான்களுக்கு அந்தத் தாளைத் தனியாகத் தேடி எடுப்பது குதிரைக் கொம்பு.

ஆகவே அவர்கள் தாளைத் தொடவில்லை. ஒவ்வொரு பிடியையும் வெளியே எடுத்து, பழைய பல்ப்பை இழுத்துவிட்டு, பிடியின் செப்புத் தகட்டிலேயே எல்ஈடியின் ஒரு காலையும், மின்னோட்டத்தைக் குறைக்கிற ரெசிஸ்ரரின் ஒரு முனையையும் வைத்துச் சோல்டர் செய்தார்கள். இனிக் குலுங்கிக் கழர இடமில்லை. தகடு கறுத்துப்போயிருந்தால் மகள் அதை முதலில் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவுகிற பிளக்ஸ் தடவி, மெல்லிய ஈயப் பூச்சு ஒன்று கொடுத்துக்கொண்டார். அயன் சூடு கட்டுப்படுத்தக்கூடியது, 330 பாகையில் வைத்திருந்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த 63/37 கம்பி 183 பாகையிலேயே உருகிவிடும், ஆனால் அயன் அதைவிட நல்ல சூடாக இருந்தால்தான் தொட்ட உடனே ஈயம் ஓடும், கையை எடுத்துவிடலாம். சூடு குறைந்த அயனைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் பிடியின் பிளாஸ்ரிக் உருகும். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற பயிற்சிப் பொடியனுக்குச் சொன்னதை நான் கேட்டேன்.

ரெசிஸ்ரர் கணக்கையும் கேட்டேன். வாகனப் பற்றரி 12 வோல்ற் என்பது பெயருக்குத்தான். எஞ்சின் ஓடும்போது 14.4 வரை போகும். வெள்ளை எல்ஈடி ஒன்றுக்கு 3 வோல்ற் அளவு போதும், சிவப்புக்கு 2. மிச்சத்தை ரெசிஸ்ரர் பிடிக்க வேண்டும். 560 ஓம் போட்டால் 20 மில்லி அம்பியர் ஓடும், அது எல்ஈடிக்கு மேல் எல்லை, ரெசிஸ்ரரும் சுடும். ஐயா போட்டது 1000 ஓம். 11 மில்லி அம்பியர் அளவுதான். "கண்ணுக்கு இது காணும் தம்பி. அடையாளம் காட்டத்தானே, விளக்கு வைக்கவா?" பழைய பல்ப் ஒன்று 100 மில்லி அம்பியர் தின்றது என்பதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எல்ஈடிக்கு நேர், எதிர் உண்டு. மாறினால் எரியாது. செருகிய பிறகு எரியவில்லை என்றால் பிடியை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் சரி. அதனால் ஒவ்வொரு பிடியின் முதுகிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறார்கள், பிறகு வேறு யாராவது கழற்றினாலும் குழம்பாமல் இருக்க. சின்ன விசயம்தான். ஆனால் அடுத்தவன் கையையும் நினைத்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்?

நிறத்துக்கு அவர்களுடைய முறை எளிது. சிவப்புத் தாளுக்குப் பின்னால் சிவப்பு எல்ஈடி, மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை. மீற்றர் முகத்துக்கு மஞ்சள் சாயலான இளஞ்சூட்டு வெள்ளை. எல்ஈடி வெளிச்சம் நேராக முன்னால் மட்டும் பாயும், பல்ப் மாதிரி எல்லாப் பக்கமும் பரவாது. அப்படியே போட்டால் ஸ்பீடோ மீற்றரில் 40க்கும் 100க்கும் பக்கத்தில் இரண்டு பொட்டு, நடுவில் இருட்டு. மகள் எல்ஈடியின் குமிழ்த் தலையை அரத்தால் தட்டையாக்கி, மென் மண்தாளில் தேய்த்து மங்கலாக்கினார். வெளிச்சம் கலைந்து பரவியது. அப்படியும் 80க்கு அருகே ஒரு நிழல் இருக்கிறது. பழைய பல்ப்பில் அந்த நிழல் இல்லை. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

இப்போது அந்த மாற்றாத ஒன்றுக்கு வருகிறேன்: சார்ஜ் லைற். நான் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஐயா அதை மட்டும் எடுத்துப் புதுப் பல்ப் போட்டுத் திரும்பச் செருகிவிட்டார். "உது மாத்தேலாது தம்பி. மாத்தினால் மாத்தலாம், எனக்கு விருப்பமில்லை." பல பழைய வாகனங்களில் அந்த லைற் வெறும் அறிவிப்பு மட்டும் இல்லை. சாவி போட்டதும் பற்றரியிலிருந்து பல்ப் வழியாகப் போகிற சின்ன மின்னோட்டம்தான், எஞ்சினோடு சுற்றிப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேற்றரின் சுருளுக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. அது கிடைத்தால்தான் சுற்றத் தொடங்கியதும் சார்ஜ் ஏறும். பல்ப்பை எடுத்துவிட்டு எல்ஈடி போட்டால் ஓடுகிற மின்னோட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும், ஆல்டர்நேற்றர் விழிக்காது. எஞ்சினை நன்றாக இரைய விட்டால் சிலது விழிக்கும், சிலது விழிக்காது. எல்ஈடிக்குப் பக்கவாட்டில் 68 ஓம் அளவில் ஒரு பெரிய 5 வாட் ரெசிஸ்ரர் போட்டு இதைச் சமாளிக்கலாம், சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த ரெசிஸ்ரர் சுடும், மீற்றருக்குப் பின்னால் அந்தச் சூடு எதற்கு என்பது ஐயாவின் கேள்வி. எல்லா வாகனத்திலும் இப்படி இல்லை என்றும் சொன்னார். ஆல்டர்நேற்றரின் வோல்ற்றைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் தனி வயரில் மின்சாரம் வாங்குகிற வாகனங்களில் லைற் வேறு, சார்ஜ் வேறு. என் வான் எந்த வகை என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் மாற்றவில்லை. "எழுவது ரூபா பல்ப்புக்காக உங்களை மாங்குளத்தில் தள்ள வைக்கவா?" காசு வாங்கக்கூடிய வேலையை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நம்பலாம் என்பது என் கட்சி.

அடுத்தது நான் எதிர்பாராதது. மீற்றரைக் கவிழ்த்துப் பிடிகளை எண்ணும்போது ஒன்று வெறுமையாக இருந்தது. பிடி இருக்கிறது, உள்ளே பல்ப் இல்லை. சுரண்டி எடுத்த அடையாளமும் இருக்கிறது. அது டைமிங் பெல்ற், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற பட்டி, அதற்கான லைற்றின் இடம். இந்த டொயோட்டா டீசல்களில் 100,000 கிலோமீற்றர் ஆனதும் பெல்ற் மாற்று என்று ஒரு லைற் எரியும். பெல்ற் மாற்றிவிட்டு மீற்றரின் பின்பக்கத்தில் ஒரு திருகாணியை ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்கு மாற்றினால் அணையும். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் பெல்ற் மாற்றுகிற செலவைவிடப் பல்ப் பிடுங்குவது மலிவு என்று முடிவெடுத்திருக்கிறார். ஐயா அங்கே மஞ்சள் எல்ஈடி வைத்தார், சாவியைப் போட்டதும் அது எரிந்து, அணையாமல் நின்றது. இந்த எஞ்சினில் பெல்ற் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றில் ஒன்று அடித்துக்கொள்ளும். அதோடு எஞ்சின் ஹெட் வேலை இலட்சக்கணக்கில். நான் மேற்கொண்டு ஒரு ஹயரும் ஓடாமல் பெல்ற்றை மாற்றினேன். கழற்றிய பெல்ற்றின் முதுகில் வெடிப்புகள். மீற்றர் வேலைக்கு நான் கொடுத்த காசு இந்த ஒன்றிலேயே திரும்பிவிட்டது என்று மனைவி சொல்கிறார். அவர் காசு விசயத்தில் இலேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

ஹீற்றர், ஏசி பலகையின் பல்ப்புகள் வேறு ரகம். நெல்மணி அளவுப் பல்ப், இரண்டு மெல்லிய கம்பி, தகட்டிலேயே நேரடியாக ஈயம் வைத்தது. பிடி எல்லாம் இல்லை. அது முழுக்க மகளின் வேலை. பழைய ஈயத்தைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, 3.5 மில்லிமீற்றர் நீளமான தட்டை எல்ஈடியைச் சாமணத்தால் பிடித்து வைத்து, இரண்டு புள்ளி ஈயம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் கண் கூசியது. "அண்ணா, வெளிச்சத்தை மறைக்காதேங்கோ" என்றார். விலகி நின்று தேத்தண்ணி குடித்தேன்.

பெரிய லைற்றின் நீல அடையாளம் பற்றி ஒரு வார்த்தை. நீல எல்ஈடி இரவுக் கண்ணுக்கு மிகக் கூர்மையானது. செருகுகிற வகை போட்டிருந்தபோது பெரிய லைற் அடித்தால் அந்தப் பொட்டு கண்ணாடியில் தெறித்து, வீதியின் நடுவில் இன்னொரு வாகனம் வருகிறது மாதிரி இருக்கும். ஐயா அந்த ஒன்றுக்கு மட்டும் பல மடங்கு கூடிய ரெசிஸ்ரர் போட்டார். எவ்வளவு காணும் என்று பார்க்கத் தடித்த கறுத்தப் போர்வை ஒன்றால் முன்சீற்றை மூடி, என்னையும் உள்ளே இருத்தி, கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுத்து, பிறகுதான் எரியவிட்டார். வேர்த்துக் கொட்டியது. ஆனால் நண்பகல் வெயிலில் பார்த்து வெளிச்சம் முடிவு செய்கிற மற்றக் கடைக்காரர்கள் இந்தப் போர்வையை ஒருமுறை இரவல் வாங்கலாம்.

இரவில் எப்படி? மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் வீதி விளக்கு என்று நம்ப ஒன்றும் இல்லை. தார் சூட்டுக்கு மாடுகள் வீதியில்தான் படுத்திருக்கும், யானை எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தால் ஏறும் என்று சொல்ல முடியாது, அறுவடைக் காலத்தில் அரை வீதியில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்கள். அந்த வீதியில் கண் இருட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மீற்றரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் உடனே மாடு தெரிய வேண்டும். இப்போது தெரிகிறது. இளஞ்சூட்டு வெள்ளை கண்ணைக் குத்தவில்லை, கண்ணாடியில் தெறிப்பும் இல்லை. கிரவலில் எவ்வளவு குலுங்கினாலும் ஒன்றும் மினுக்குவதில்லை. சிக்னல் அம்புக்குறி மட்டும் பழைய மாதிரி மெல்ல மங்கி அணையாது, வெட்டினாற்போல் எரிந்து வெட்டினாற்போல் அணையும். முதலில் ஒருமாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. சிக்னல் வேகமாக அடிக்கத் தொடங்குமா என்று சிலர் கேட்கிறார்கள். மீற்றருக்குள் மாற்றினால் அப்படி நடக்காது. வெளியே இருக்கிற 21 வாட் பல்ப்பை எல்ஈடிக்கு மாற்றினால்தான், சிக்னலை அடிக்க வைக்கிற பிளாஷர், பல்ப் போய்விட்டது என்று நினைத்துப் படபடவென்று அடிக்கும்.

குறை சொல்லாமல் விட்டால் சரியில்லை. மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் குமிழ் இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. முக்கால்வாசி சுற்றும் வரை ஒரு மாற்றமும் இல்லை, கடைசியில் சட்டென்று அணைகிறது. அந்தக் குமிழ் பல்ப்பின் பெரிய மின்னோட்டத்துக்குச் செய்தது, எல்ஈடிக்கு வேறு வகை டிம்மர் வேண்டும். செய்து தரலாம் என்றார்கள், தனிக் காசு. நான் விட்டுவிட்டேன். நேரம் இரண்டாவது குறை. காலையில் விட்டால் மாலை எடுக்கலாம் என்று போனில் சொன்னார்கள், மாலை போனபோது மீற்றர் இன்னும் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இடையில் யாரோ ஒருவருடைய தண்ணீர்ப் பம்ப் ஸ்ராட்டர் வந்துவிட்டதாம், வயல் காய்கிறதாம். வயல்காரன் பிள்ளையாக எனக்கு அது விளங்கியது, ஹயர் விட்ட ஆளாக விளங்கவில்லை. அன்றிரவு வானை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். பில் தரமாட்டார்கள். உத்தரவாதம் என்று தாளும் இல்லை, "மினுக்கினால் கொண்டு வாங்கோ" என்ற வாய்ச்சொல்தான்.

கூலியும் சாமானும் சேர்த்து 7,500 ரூபா எடுத்தார்கள், ஏசி பலகையும் அதற்குள். செருகுகிற எல்ஈடிக்கு முதல் கடையில் கொடுத்ததைவிட இது கூட. ஆனால் எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஒரே ஒரு லைற் மாற்ற வந்தார், அவரிடம் வாங்கியது ஒரு தேத்தண்ணி வடைக் காசுதான். வேலைக்கு ஏற்ற விலை சொல்கிறார்கள்.

ஆர் போகலாம், ஆர் போக வேண்டாம்? டொல்பின், டவுன்ஏஸ், பழைய நிசான் சன்னி, கொரோலா 110 மாதிரி பல்ப் மீற்றர் உள்ள எதையும் கொண்டு போகலாம். அக்குவா, வகன்ஆர் மாதிரிப் புதியவற்றில் மீற்றர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எல்ஈடிதான், அங்கே மாற்ற ஒன்றும் இல்லை. எயாபாக் உள்ள வாகனம் என்றால் எயாபாக் லைற்றைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில வாகனங்களின் கொம்பியூட்டர் அந்தப் பல்ப் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், எல்ஈடி வைத்தால் பழுது என்று குறித்துக்கொள்ளும். ஐயாவும் தொடமாட்டார்தான், ஆனாலும் சொல்லுங்கள். முள்ளைக் கழற்றி மீற்றர் முகத்தின் நிறத்தை மாற்றிக் கேட்கிறவர்களுக்கும் இங்கே இடமில்லை. முள்ளை இழுத்தால் வேகம் பிழையாகக் காட்டும் என்று கதவிலேயே அனுப்பிவிடுவார்கள்.

போவதற்கு முதல் போன் எடுங்கள், மகள்தான் எடுப்பார். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விட்டால் தண்ணீர்ப் பம்ப்காரர்கள் வருவதற்குள் உங்கள் மீற்றர் மேசையில் இருக்கும். முறிந்த பல்ப் பிடிகள் இருந்தால் எறியாமல் கையோடு கொண்டு போங்கள். அவர்களிடம் மாற்றுப் பிடி எப்போதும் இருக்காது, பழையதை ஒட்டியாவது பாவிப்பார்கள். வேலை முடிந்து சாவி கையில் தந்ததும் முற்றத்தில் வைத்தே எல்லா லைற்றையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஐயா அந்தக் கொப்பித் தாளை நீட்டுவார்.